ஏழு மலையையும் மேலிருந்து பார்க்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

ரேணிகுண்டா விமான நிலையம். தை மாதத்துக் காலை நேரம். ஹைதராபாத் விமானத்துக்குக் காத்திருந்தோர் வரிசையில் வயதான தம்பதியர் இருவர் நின்றிருந்தனர். கணவருக்கு வயது எழுபதை நெருங்கும். மனைவியின் தோளில் ஒரு மஞ்சள் பை. அந்தப் பையைவிடப் பத்திரமாக அவர் பிடித்திருந்தது ஒரு துண்டுக் காகிதம். அதில் நீல மையில் கொட்டை எழுத்தில் "16 ஏ" என்று எழுதியிருந்தது.

"என்னங்க, இந்தத் தடவையாவது எறக்கை மறைக்காது இல்ல?"

"மறைக்காது. இந்த பிளேனுக்கு எறக்கை தலைக்கு மேல. நான்தான் சொன்னேனே."

அந்த அம்மாளின் கேள்விக்குப் பின்னால் ஓராண்டு ஏமாற்றம் இருந்தது. கணவரின் பதிலுக்குப் பின்னால் ஓராண்டு கணக்கு இருந்தது.

ஆரணிப் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிழைப்புக்காகச் சித்தூர் வந்த குடும்பம் அது. கணவர் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் எடைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி, புரட்டாசி தவறாமல் அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் ஏறித் திருமலைக்குப் போய் வந்தவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதைவிடப் பெரிய கவலை கண். ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. மறு கண்ணில் நீர் அழுத்த நோய். சொட்டு மருந்து இருக்கிற பார்வையைக் காக்குமே தவிர, போன பார்வையைத் திருப்பித் தராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏறி ஏறிப் பார்த்த மலையை, கண்ணு தெரியும்போதே ஒரு தடவை மேலேயிருந்து பார்த்துடணும்" என்பது அந்த அம்மாளின் ஆசை.

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகன் முந்திய ஆண்டு டிக்கெட் அனுப்பினார். இருவரும் போனார்கள். கவுண்டரில் கொடுத்த இடம் நடுவில். ஜன்னலோரம் இருந்த இளைஞர் விமானம் கிளம்பிய சிறிது நேரத்தில் ஜன்னல் மூடியை இழுத்து விட்டுத் தூங்கிப் போனார். மூடுவதற்கு முன்பு கண்ணில் பட்டதும் நீண்ட வெள்ளை இறக்கை ஒன்றுதான். அந்த அம்மாள் மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சித்தூர் திரும்பியதும் பக்கத்து வீட்டாரிடம் மட்டும், "போனேன், வந்தேன்" என்றாராம்.

அந்த இரண்டு சொற்கள்தான் ஓய்வு பெற்ற எடைக் குமாஸ்தாவை மறுபடி கணக்குப் பார்க்க வைத்தன. அவர் விசாரித்து அறிந்தவை, ஆயுளில் ஒரு முறையோ இரு முறையோ விமானம் ஏறும் எல்லோருக்கும் பயன்படும்.

எழுத்தும் எண்ணும்

விமானத்தில் வரிசைக்கு எண், இடத்துக்கு எழுத்து. மூக்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இடது ஓரம் எப்போதும் 'ஏ'. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஜெட் விமானங்களில் நடைவழிக்கு இப்புறம் மூன்று, அப்புறம் மூன்று ஆசனங்கள். ஏ, பி, சி ஒரு பக்கம். டி, இ, எஃப் மறு பக்கம். ஆகவே ஜன்னல் வேண்டுவோர் கேட்க வேண்டியது 'ஏ' அல்லது 'எஃப்'.

சிறிய ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானத்தில் இப்புறம் இரண்டு, அப்புறம் இரண்டுதான். அங்கே எழுத்துகள் ஏ, சி, டி, எஃப் என்று வரும். 'பி'யும் 'இ'யும் இல்லையே என்று திகைக்க வேண்டாம். நடு ஆசனம் இல்லாததால் அந்த எழுத்துகளும் இல்லை.

ஜன்னலோர இடம் என்று சீட்டில் இருப்பதாலேயே ஜன்னல் இருந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. விமானம் கட்டும்போது ஜன்னல்களை ஓர் இடைவெளியில் வைக்கிறார்கள். வாங்கும் கம்பெனி, ஆசனங்களைத் தன் வசதிக்கேற்ற வேறு இடைவெளியில் போடுகிறது. இரண்டும் பொருந்தாத வரிசையில் பயணியின் தோளுக்கு நேராகச் சுவர்தான் இருக்கும். போயிங் 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால், குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறிச் செல்லும் இடத்தில் ஜன்னலே கிடையாது.

இறக்கை கீழா, மேலா?

ஏர்பஸ், போயிங் ஜெட் விமானங்களின் இறக்கை, உடலின் கீழ்ப்பாகத்திலிருந்து இருபுறமும் நீள்கிறது. நடு வரிசைகளில் உட்காருபவருக்குக் கீழே பூமி தெரியாது, இறக்கைதான் தெரியும். ஏர்பஸ் 320இல் ஏறக்குறைய 10ஆவது வரிசையிலிருந்து 20ஆவது வரிசை வரை இந்தத் தொல்லை உண்டு. அவசர வழி வரிசைகளும் அங்கேதான் இருக்கின்றன. காலை நீட்ட இடம் தாராளம் என்று அவற்றைச் சிலர் விரும்புவார்கள். ஆனால் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அந்த இடம் கொடுப்பதில்லை. ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்கும் பொறுப்பு அங்கே உட்காருபவருடையது.

இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பூமி தெரியும். ஆனால் எஞ்சினின் சூடான புகைக்காற்று பின்னோக்கிப் போவதால், காட்சி தார்ச்சாலையில் கானல் ஆடுவதைப் போல ஆடும். ஆகவே ஜெட் விமானத்தில் இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளே உத்தமம். முன் வரிசைகளுக்குத் தனிக் கட்டணம் கேட்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று எனலாம்.

ஏ.டி.ஆர். விமானத்தில் கதையே வேறு. அதன் இறக்கை உடலுக்கு மேலே, கூரை போல இருக்கிறது. எந்த வரிசையில் இருந்தாலும் கீழே பார்க்கத் தடையில்லை. இறக்கையை ஒட்டிய வரிசைகளில் விசிறியும் சக்கரமும் குறுக்கே வரும். அங்கே இரைச்சலும் அதிகம். பின் வரிசைகளில் அவ்வளவு தொந்தரவு இல்லை. பயணிகள் ஏறும் கதவும் பின்புறத்தில் இருப்பதால், முழங்கால் வலியுள்ளவர்கள் அதிகம் நடக்க வேண்டியதில்லை. ஜெட் விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் போகும்போது ஏ.டி.ஆர். அதில் ஏறக்குறைய பாதி உயரத்திலேயே பறக்கிறது. ஏரி, ஆறு, சாலை எல்லாம் அடையாளம் தெரியும். வேகம் குறைவு என்று சலித்துக் கொள்பவர்களுக்கு, பார்க்கும் நேரம் அதிகம் என்பதே பதில்.

அதனால்தான் எடைக் குமாஸ்தா, மகனிடம் ஏ.டி.ஆர். ஓடும் நேரமாகப் பார்த்து டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

மலை எந்தப் பக்கம்?

இது சித்தூர், திருப்பதித் தமிழர்கள் ரயிலிலேயே கற்ற பாடம். காட்பாடியில் ஏறி, சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி வருபவர்கள், பாகாலா தாண்டியதும் இடது ஜன்னலுக்குப் போய்விடுவார்கள். வண்டி கிழக்கு நோக்கிப் போகிறது. மலை வடக்கே இருக்கிறது. சென்னையிலிருந்து வருபவர்களோ ரேணிகுண்டா தாண்டியதும் வலது பக்கம் கைகூப்புவார்கள். அந்த வண்டி மேற்கு நோக்கிப் போகிறது. மலை இடம் மாறவில்லை. பயணியின் முகம்தான் மாறுகிறது.

விமானத்துக்கும் இதே கணக்குத்தான். திருமலை, விமான நிலையத்துக்கு மேற்கே, சற்று வடக்கே தள்ளி, நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோ மீட்டரில் இருக்கிறது. ஹைதராபாத் வடக்கே, சற்று மேற்கே சாய்ந்து இருக்கிறது. ஆகவே விமானம் வடக்கு நோக்கித் திரும்பியதும் திருமலையும் அதைச் சுற்றிய மலைகளும் இடது கைப்பக்கம் வரும். போகும்போது 'ஏ'. திரும்பி வரும்போது முகம் தெற்கே, ஆகவே 'எஃப்'.

ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்திருக்கிறது. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே கிளம்பும். காற்றாடி விடும் சிறுவனும் காற்றை எதிர்த்துத்தானே ஓடுகிறான்? ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது விமானம் பெரும்பாலும் கிழக்கே ஓடிக் கிளம்பி, இடது புறம் வளைந்து வடக்கே திரும்பும். வளையும்போது இடது இறக்கை தாழும். இடது ஜன்னல்காரருக்குப் பூமி தட்டில் வைத்தது போலத் தெரியும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று. அப்போது மேற்கே கிளம்பும். முதலில் மலை வலது புறம் தோன்றும்; விமானம் வடக்கே திரும்பிய பிறகுதான் இடது புறம் வரும்.

விமானம் கோயிலுக்கு நேர் மேலே போகும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. திருமலைக்கு மேல் விமானம் பறக்கக் கூடாது என்று திருப்பதி தேவஸ்தானம் மத்திய அரசைப் பலமுறை கேட்டுக் கொண்டிருக்கிறது. கோபுரத்தை உச்சியிலிருந்து பார்க்கலாம் என்று ஏறினால் ஏமாற்றமே. தெரிவது மலை, பள்ளத்தாக்கு, செங்குத்துப் பாறை, காடு. 2010ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலக் காடு அது. செம்மரத்துக்குப் பேர் போனது.

வெயில் எந்தப் பக்கம்?

பக்கம் தேர்ந்தெடுப்பதில் பலரும் மறந்து போவது சூரியனை. வெயிலுக்கு எதிரே உட்கார்ந்தால் கண் கூசும். ஜன்னல் கண்ணாடியில் உள்ள கீறலெல்லாம் மின்னும். மலை நிறமற்ற நிழலாகத் தெரியும். வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பச்சை பச்சையாகவும், செம்மண் செம்மண்ணாகவும் தெரியும்.

வடக்கே போகும் காலை விமானத்தில் சூரியன் வலது புறம். மலை இடது புறம். காலை வெயில் மலை முகத்தில் நேராக விழும். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? மாலை விமானமாக இருந்தால் இடது புறத்தில் மேற்கு வெயில் வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். ஆகவே பக்கம் மட்டும் போதாது. நேரமும் சேர வேண்டும்.

மாதமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் தூசிப் படலம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம். மழை ஓய்ந்து வானம் கழுவி விட்டாற்போல இருக்கும் தை மாதத்து நாட்கள் நல்லவை. விடியற்காலை மூடுபனி கலைந்திருக்க வேண்டும்.

சித்தூரும் தெரியுமா?

சித்தூரில் விமான நிலையம் இல்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது ரேணிகுண்டாவும் அந்தப் பக்கம் போய்விட்டது. 2015 அக்டோபர் 22ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்த கருடன் பெயர் கொண்ட புதிய முனையம் அங்கேதான் இருக்கிறது. இருந்தாலும் சித்தூரை ஆகாயத்திலிருந்து பார்க்க வழி உண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் நேர்க்கோடு போட்டால், அது சித்தூருக்குச் சற்றுத் தெற்காகப் போகிறது. விமானம் அந்தக் கோட்டை ஒட்டிப் பறக்கும் நாளில், சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவர்கள் வலது ஜன்னலில் உட்கார்ந்தால், பாதி வழியில் மாந்தோப்புகளுக்கு நடுவே சித்தூர் தெரியும். அது வடக்குப் பக்க ஜன்னல் என்பதால் வெயில் தொல்லையும் குறைவு.

ஊருக்குப் போகும் மற்றத் தமிழர்களுக்கும் ஒரு குறிப்பு. சென்னையிலிருந்து தூத்துக்குடி போகும்போது கடற்கரை இடது பக்கம். திரும்பும்போது வலது பக்கம். வடக்கே வேலை பார்ப்பவர்கள் டில்லியிலிருந்து காத்மாண்டு போனால், பனிமலை இடது பக்கம். சூத்திரம் ஒன்றுதான். போகும் ஊர் எந்தத் திசை, பார்க்க வேண்டியது எந்தத் திசை, அந்த நேரத்தில் சூரியன் எந்தத் திசை. பள்ளிக்கூடப் பூகோளப் படம் ஒன்று இருந்தால் போதும்.

டிக்கெட் எடுத்த பிறகு

விரும்பிய இடத்துக்குப் பல கம்பெனிகள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. பணம் கட்ட முடியாதவர்கள், செல்போன் வழியாக இடம் பதியும் வசதி திறந்தவுடன் முயல வேண்டும். கட்டணமில்லாத ஜன்னல் இடங்கள் ஒன்றிரண்டு அப்போது கிடைக்கலாம். அதுவும் தவறினால் கவுண்டருக்குச் சீக்கிரம் போய், இன்ன காரணத்துக்காக இன்ன பக்கம் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை. கடைசி நேரத்தில் ஏ.டி.ஆருக்குப் பதில் ஏர்பஸ் வருவதும், இட எண் மாறுவதும் உண்டு. புறப்படும் அன்று ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், அடிக்கடி எழுந்து போக வேண்டியவர்கள் நடைவழி ஓரம் உட்காருவதே மேல். அழகுக்காக அவஸ்தைப்படக் கூடாது.

ஜன்னல் கண்ணாடியின் அடியில் ஊசித் துளை போல ஒரு துளை தெரியும். கண்ணாடி உடைந்திருக்கிறது என்று பயந்து பணிப்பெண்ணை அழைத்தவர்கள் உண்டு. ஜன்னல் பல அடுக்குகளால் ஆனது. காற்றழுத்தத்தைச் சமன் செய்யவும், பனி படியாமல் காக்கவும் வேண்டுமென்றே வைத்த துளை அது. கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் மூடியைத் திறந்து வைக்கச் சொல்வதும் பாதுகாப்புக்காகவே. வெளியே ஏதாவது விபரீதம் என்றால் உடனே தெரிய வேண்டும் அல்லவா? மலையைப் பார்க்க வேண்டியவர்களுக்கு அந்த விதியே துணை. கிளம்பிய முதல் சில நிமிடங்கள்தான் பொன்னான நேரம். அப்போது செல்போனை நோண்டிக் கொண்டிருந்தால் மலை பின்னால் போய்விடும்.

பதினாறு ஏ

அன்று காலை விமானம் கிழக்கு நோக்கி ஓடிக் கிளம்பியது. எடைக் குமாஸ்தாவின் கணக்கு தப்பவில்லை. இடது புறம் வளைந்தபோது இறக்கை தாழ்ந்தது. வெயில் பட்ட பாறைச் சுவர்கள் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்தன. அவற்றின் மேலே நீல மடிப்புகள். வெகு தூரத்தில், மடிப்புகளுக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகளாக ஒரு கூட்டம்.

அந்த அம்மாள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். கைகூப்பக்கூட மறந்துவிட்டார். ஒரு டம்ளர் காப்பி குடிக்கும் நேரம்தான். பிறகு மலை பின்னுக்குப் போயிற்று.

"அரை நாள் ஏறுவேனே, இவ்வளவுதானா?" என்றார். அதில் ஏமாற்றம் இல்லை. சிறிது நேரம் கழித்துத்தான் பக்கத்தில் திரும்பினார். "நீங்க பார்த்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. 'சி' என்ற நடைவழி ஆசனத்தில் இருந்தவருக்கு மனைவியின் தலைதான் தெரிந்தது.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது மாலை விமானம். ஜன்னலில் கணவரைக் கட்டாயமாக உட்கார வைத்தார் அந்த அம்மாள். பக்கம் சரிதான். ஆனால் நேரம் சரியில்லை என்பது கணக்குப் போட்டவருக்கு முன்பே தெரியும். மேற்கு வெயில் கண்ணில் அடித்தது. மலை கருங்கோடாக நின்றது. அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

"அதோ அந்தக் கோட்டுக்குப் பின்னாடிதான் வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. இந்தப் பக்கம் பாறை சிவப்பா இருந்துச்சு" என்று மனைவி சொல்லிக் கொண்டே வந்தார். எடைக் குமாஸ்தா தலையாட்டிக் கொண்டே பார்த்தார். சக்கரம் தரையில் பட்டபோது அவர் ஒன்று மட்டும் சொன்னாராம்:

"அடுத்த தடவை ரெண்டும் காலை பிளேன்ல எடுக்கணும். எனக்கு முன்னால ஒரு ஏ, உனக்குப் பின்னால ஒரு ஏ."